முதல் ஆமீன்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. முப்பது வருஷம் கிராம சேவகராக இருந்து ஊராரின் பெயரை எழுதிய கை இது. இன்னாருடைய மகன் இன்னார், இன்ன வீட்டில் இவ்வளவு காலமாக வசிக்கிறார், நற்குணம் உடையவர், இவரை நான் நேரில் அறிவேன் என்று எழுதி, முத்திரை குத்தி, ஒப்பமிட்டுக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்று இத்தனை காலமாகியும் கல்முனைக்குடியில் எனக்கு விதானைக் காக்கா என்றுதான் பெயர்; விதானை என்பது கிராம சேவகரின் பழைய பெயர், காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அப்படிப்பட்டவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத வந்து பெயரை விழுங்குகிறான் என்றால் காரணம் இருக்கவேண்டும். இருக்கிறது. கடைசிவரை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மாடியைப் பார்க்க வந்த அன்று அவர் தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. அறையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் சேர்த்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் செய்கிற காரியமா இது? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ கேட்கப் போனேன். கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

"பொறுங்க காக்கா, இன்னும் முடியல்ல."

என்ன முடியவில்லை? கை தட்டியாயிற்று, சத்தம் கேட்டாயிற்று. அவரோ சத்தம் சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டதா என்று தேடுகிறவர் போல நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, நல்ல ஊடு என்றார். நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும்.

அந்த மாடி என் இளைய மகளுக்குக் கட்டியது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மகளும் மருமகனும் கட்டாருக்குப் போய்விட்டதால் மாடி பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்தால் கறையான் ஏறும் என்று வாடகைக்கு விட நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைக் கொடுத்து எங்கள் கரை ஒருமுறை பட்டது போதும். அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. தேவாலயங்களில் குண்டு வைத்தவர்களின் ஆட்கள் இங்கே வாடகை வீட்டில் ஒளிந்திருந்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு இந்தக் கரையில் வாடகைக்கு வீடு கேட்டு யார் வந்தாலும் மனிதர்கள் ஒன்றுக்கு இரண்டுதரம் விசாரிக்கத்தான் செய்வார்கள். சூடு கண்ட பூனைகள் நாங்கள்.

ஆகவே விசாரித்தேன். வயது ஐம்பதுக்குக் கிட்ட. தாய் பாலமுனை. ஒன்பது வயதில் தகப்பனோடும் தாயோடும் வெளிநாடு போனவர். பாலமுனையில் என்னோடு வேலை செய்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். ஓம், அப்படியொரு குடும்பம் இருந்தது, இப்போது அங்கே யாரும் இல்லை என்றார். வீடு கேட்டு வந்தவர் கதைத்த தமிழும் அதற்குச் சாட்சி சொன்னது. ஒன்பது வயதோடு வளர்ச்சி நின்றுபோன தமிழ் அது. நரைத்த தாடியோடு நாலாம் வகுப்புப் பிள்ளைபோலக் கதைப்பார். என் மனைவிக்கு அது கேட்கக் கேட்க இரக்கம். எனக்கோ, இப்படிக் கதைக்க யாராவது பழக்கிவிட்டிருக்கலாமே என்று பட்டது.

என்ன தொழில் என்று கேட்டதற்குப் பியானோ என்றார். ஜாஸ் என்று ஒரு சங்கீதமாம், அதிலும் இவர் எழுதுவது புதுமாதிரியாம், வெளிநாட்டிலேயே கொஞ்சப் பேர்தான் கேட்பார்களாம். அப்படியானால் அதை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டேன். எட்டுப் பேருக்கு ஒரு புதுப் பாட்டு எழுதப் போவதாகவும், அதை முதல்முதல் இங்கேதான் வாசிக்கவேண்டும் என்றும் சொன்னார்.

"என்ட உம்மா நான் வாசிக்கிறத ஒருநாளும் முழுக்கக் கேட்டதில்ல. மௌத்தாப் போனா. உம்மாட ஆக்கள் ஒருக்காக் கேக்கணும் காக்கா. மறுகா எங்கயும் வாசிக்கலாம்."

எனக்கு அதுவும் நம்பும்படியாக இல்லை. ஆனால் இறந்துபோன தாய் என்றதும் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். அத்தோடு வழக்கு முடிந்தது. பொலிசில் கொடுக்கவேண்டிய கடிதத்தில், மேற்படி நபரை நான் நேரில் அறிவேன் என்று நானே எழுதி ஒப்பமிட்டேன். அவரை எனக்கு அப்போது இரண்டு நாள்தான் தெரியும்.

பியானோ கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அலுமாரி உயரம், இரும்புக்கட்டில் கனம். ஆறுபேர் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். ஏற்றும்போது படிக்கட்டு மூலையில் மோதி உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. தூக்கியவர்கள் பயந்துபோய் நிறுத்தினார்கள். இவர் படியிலேயே குந்திக்கொண்டு விரலை உயர்த்தினார். முனகல் அடங்குமட்டும் ஆறுபேரும் கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. அவர்கள் கீழே வந்து சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதமுடியாது.

மனிதர் அப்படித்தான். எந்தச் சத்தத்தையும் பாதியில் விடமாட்டார். என் மனைவி குசினியில் சட்டிமூடியைத் தவறவிட்டால் அது சுற்றிச் சுற்றி அடங்கும்வரை படியில் நிற்பார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிள் ஒன்று போனால் வாய் நின்றுவிடும். சத்தம் சந்தியைத் தாண்டிப் போனபிறகுதான் மிச்ச வசனம் வரும். அவரோடு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். ஆள் நல்லவர் போலத்தான் தெரிந்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாவது சந்தேகம் தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கில் வந்தது. பாங்கு சொல்லும்போது பியானோவை நிறுத்தவேண்டும் என்று சொல்லத்தான் இருந்தேன். சொல்லத் தேவையே வரவில்லை. அவர் பாங்குக்கு முன்னரே நிறுத்தினார். ஒருநாள் இல்லை, எல்லா நாளும். மணிக்கூடு பார்த்தேன். சில நாள் அரை நிமிஷம் முன்னால், சில நாள் ஒரு நிமிஷம் முன்னால். பாங்கு சொல்கிற எங்கள் முஅத்தின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் இல்லை, சற்று முன்பின்னாகத்தான் எழும்புவார். அவர் எழும்புவது இவருக்கு எப்படித் தெரியும்? பள்ளிவாசலுக்குள் யாரோ இவருக்குத் தகவல் கொடுக்கிறார்களா?

இரண்டாவதை இரும்புக்கடைக்காரர் கொண்டுவந்தார். கல்முனைப் பசாரில் கடை வைத்திருப்பவர், என் பழைய சிநேகிதர். ஒருநாள் காலையில் தொலைபேசி எடுத்து, உங்கள் மாடிக்காரர் மூன்று நாளாக வந்து போல்ட், நட்டு, திருகாணி, மெல்லிய கம்பி, றப்பர்த் துண்டு என்று பொறுக்கி வாங்குகிறார், ஒவ்வொன்றையும் மேசையில் தட்டித் தட்டிப் பார்க்கிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் பெரிய மனிசன், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார்.

போல்ட், கம்பி என்றால் எங்களுக்கு அந்த ஏப்ரல்தான் ஞாபகம் வரும். தொலைபேசியை வைத்துவிட்டு மாடிப் படியைப் பார்த்தேன். என் ஒப்பம் பொலிசில் கிடக்கிறது. மகளுடைய வீடு. இன்னுமொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் தாய்வழிக் குலத்தைக் குடி என்போம். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு மரைக்கார் உண்டு. எங்கள் குடி மரைக்கார் மௌத்தாகி அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த பேர் என்னுடையது என்று ஊரெல்லாம் கதை. எனக்கு அதில் ஆசை இருந்தது, கொஞ்சமல்ல, நிறைய.

அன்றைக்கே அவர் வெளியே போன நேரம் பார்த்து கதவுக்கு என்னிடம் இருந்த மாற்றுத் திறப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். என் மனைவி படியடியில் நின்றுகொண்டு, அடுத்தவர் இருக்கிற இடத்துக்குள் சொல்லாமல் போவது மார்க்கத்தில் கூடாது என்றாள். கூடாததுதான். நான் போனேன்.

பியானோவின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே வரிசையாகக் கம்பிகள். கம்பிகளுக்கு இடையில் அந்த போல்ட்டுகள், திருகாணிகள், றப்பர்த் துண்டுகள், கமுகமட்டைக் கீறல்கள் எல்லாம் செருகிக் கிடந்தன. ஒரு கட்டையை அமத்திப் பார்த்தேன். பியானோச் சத்தமே இல்லை. உடைந்த மணியைத் தண்ணீருக்குள் அடித்ததுபோல ஒன்று வந்தது. தொட்ட விரலை இழுத்துக்கொண்டேன்.

அதைவிட மோசம் மேசையில் இருந்தது. நீளமான தாள்கள், கோடு கோடாக. ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது: கடற்கரை, 5.40, வலைக்காரர் முப்பது பேர். சந்தை, 9.15, நாற்பது பேர். பள்ளி, 4.52. இடம், நேரம், ஆள் கணக்கு. விரலை வைத்துக் கீழே கீழே வாசித்தேன். கடைசி வரியில், கீழ் ஊடு, 6.10, ஓராள்.

கீழ் வீட்டில் இருக்கிற ஓராள் நான்தான். அந்தத் தாளை என் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

மூன்று நாள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அல்லாடினேன். பொலிசுக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது, நேரில் அறிவேன் என்று எழுதினாயே, எப்படி அறிந்தாய் என்றுதான். கொண்டுபோகாமல் விட்டு ஏதாவது நடந்தால் அல்லாஹ்தான் காப்பாற்றவேண்டும். மூன்றாம் நாள் என் மனைவிக்கு அலுத்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், வாய் இருக்கிறதுதானே, போய்க் கேளுங்கள் என்று என்னைப் படியில் ஏற்றிவிட்டாள்.

நான் படத்தைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நீங்க மேல வந்தது எனக்குத் தெரியும் காக்கா. ஒரு போல்ட் சரிஞ்சி கிடந்திச்சி, அந்தக் கட்டைட சத்தம் மாறிட்டு. எப்பிடி இரிந்திச்சி? புடிச்சிச்சா?"

திருட்டுத்தனமாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பிக்கிடையில் போல்ட் செருகுவது புதுச் சத்தம் எடுக்கத்தானாம்; அது எனக்குப் பிடித்ததா என்பதுதான் அவருக்குத் தேவையாக இருந்தது. பிறகு ஒரு சின்னக் கருவியை எடுத்து, பதிவு செய்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு. மீன்சந்தையில் விலை கூறுகிற நாற்பது தொண்டை. அதுதான் ஜாஸ் என்றார். ஒருவன் கூப்பிட மற்றவன் அந்த இடத்திலேயே மறுமொழி சொல்வதாம், முதலே எழுதி வைத்துக்கொண்டு வருவதில்லையாம். பள்ளி 4.52 என்றது பாங்கு இல்லை. முஅத்தின் ஒலிபெருக்கியைப் போட்டதும் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன "உஸ்" கேட்கும். அறுபத்துமூன்று வருஷம் அந்தப் பள்ளி நிழலில் இருந்த எனக்கு அது கேட்டதே இல்லை. அந்த உஸ்ஸைக் கேட்டுத்தான் அவர் கையை எடுத்திருக்கிறார்.

கீழ் ஊடு 6.10, சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து நான் இருமுகிற இருமல். மூன்று குட்டை, ஒன்று நீளம், கடைசியில் ஒரு செருமல். அதைக் கேட்டுவிட்டு என் மனைவி கீழே இருந்தே சிரித்தாள்.

சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. குண்டு வைக்க வந்தவர் இல்லை என்பது தெரிந்தது, அவ்வளவுதான். என் இருமலை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? என்னைப் பகிடி பண்ணவா? ஊரைப் பகிடி பண்ணவா? பொல்லாத ஆட்கள் பொல்லாதவர்கள் போலவா வருவார்கள்?

பிறகு மாடிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், கிழமையில் நாலு நாள். றபான் என்கிற கைப்பறையைத் தட்டிப் பாடித் திரிகிற ஒரு பக்கீர் பாவா. பாலமுனையிலிருந்து பொல்லடிக்கிற நாலுபேர். கோல்களைத் தட்டிக்கொண்டு ஆடுகிற அந்தப் பொல்லடியை நாங்கள் கலியாண ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறோம். காரைதீவிலிருந்து கூத்துக்கு மத்தளம் அடிக்கிற ஒரு தமிழர். கொழும்பிலிருந்து சக்சபோன் ஊதுகிற ஒரு சிங்களவர், கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து போனார். இவரோடு எட்டுப் பேர். அவர்கள் எழுப்பிய சத்தத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? தகரக்கடைக்குள் மாடு புகுந்தது என்றால் மாடு கோபித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முதல் வாரம் அவரவர் பாட்டுக்கு அடித்தார்கள். போகப்போக ஒருவர் அடிக்க மற்றவர் நிறுத்தினார். மத்தளம் ஒன்று சொல்ல, றபான் யோசித்து மறுமொழி சொன்னது. இடையிடையே அவருடைய குரல் மட்டும் வரும், பொறுங்க, இன்னும் முடியல்ல என்று.

அரங்கேற்றத்துக்கு மண்டபம் தேடினார். மண்டபம் மண்டபமாகப் போய்க் கைதட்டினார். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் பிடித்தது என் மைத்துனருடைய மூடிக்கிடந்த அரிசி ஆலை, சவளக்கடைப் பக்கம், வயலோரம். தகரக் கூரைக்குக் கீழே கைதட்டிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கலாம். மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இங்கேயும் என் வார்த்தைதான் பிணை.

ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு. பியானோவை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சனம் வந்தது. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் கேட்க வந்தார்கள், பாதிப் பேர் என்ன கூத்து என்று பார்க்க வந்தார்கள். நான் இரண்டாவது சாதி. ஏதாவது தவறாக நடந்தால் முதலில் எழும்பி நிறுத்துவது நானாக இருக்கவேண்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒரு பக்கம், என் மனைவியும் அங்கே.

தொடங்கியது. கால்மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு எங்கேயோ கரைவலை வந்தது. பொல்லுகள் நாலும் அந்த இழுவைக்குத் தட்ட, மத்தளம் பின்னால் இழுக்க, பியானோவின் அடிக்கட்டைகள் கடல்போல உறுமின. பின்னால் இருந்த மீன்காரர் ஒருவர் தன்னை மறந்து "ஏலே" என்று கொடுத்தார். சந்தை வந்தது. சனம் சிரித்தது. சக்சபோன்காரர் எழும்பி மூன்று குட்டை, ஒரு நீளம், ஒரு செருமல் ஊதினார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் சிரிப்பு முதலில் வந்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்த ஊதலில் பகிடி இல்லை. வயதான ஒருவன் விடியக்காலையில் தனியே உட்கார்ந்து இருமுகிற சத்தம் அது, அவ்வளவுதான். என் நெஞ்சை யாரோ தொட்டுப் பார்த்தது போலிருந்தது.

பிறகு எல்லாரும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். அவர் பியானோவிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை மேலே பார்க்க ஏந்திக்கொண்டார். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

எங்கள் ஊரில் துஆ, அதாவது பிரார்த்தனை, ஓதாமல் எதுவும் முடியாது. மாதர் சங்கக் கூட்டமும் துஆவோடுதான் முடியும், விளையாட்டுக் கழகப் பரிசளிப்பும் துஆவோடுதான் முடியும். முப்பது வருஷத்தில் எத்தனை கூட்டத்தின் முடிவில் நான் கையேந்தியிருப்பேன். முன்னால் இருக்கிறவர் கையை ஏந்தினால் என் கை கேட்டுக்கொண்டா எழும்பும்? எழும்பிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் ஏந்தினார்கள். ஆலை முழுக்கக் கைகள். சத்தமில்லை. கூரைத் தகரம் வெயில் தணிந்து ஒருமுறை சடக்கென்றது, அது கேட்டது. வயலில் ஒரு கொக்கு கத்தியது, அது கேட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் ஒரு சத்தத்தை அது முடியும்வரை கேட்டேன். அவர் மனதுக்குள் ஓதுகிறார் என்று நினைத்தேன். எனக்கு என் வாப்பா நினைவுக்கு வந்தார், உம்மா வந்தா. அந்த மனிதரின் உம்மாவும் வந்தா. அதற்குமேல் தாங்கமுடியாமல் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஆமீன்."

நூற்றைம்பது பேரும் சொன்னார்கள். தகரக் கூரை அதை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லமெல்லத் திருப்பிக் கொடுத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஏந்திய கையை இறக்கவேயில்லை, ஆமீன் கூரையில் கரையும்வரை இறக்கவில்லை. பிறகு அடியில் ஒரே ஒரு கட்டையை அமத்தினார். நான் திருட்டுத்தனமாக அமத்திய அந்த உடைந்த மணி. அத்தோடு எழும்பிவிட்டார். எழுதியதில் இன்னும் மூன்று நிமிஷப் பாட்டு மிச்சம் இருந்ததாம், அதை அவர் அங்கேயே விட்டுவிட்டார் என்று மத்தளக்காரர் பிறகு சொன்னார்.

அது துஆ இல்லை. இன்னும் முடியல்ல, பொறுங்க என்று தன்னுடைய ஏழு பேருக்கும் காட்டிய சைகை. அதை நான்தான் துஆவாக்கினேன்.

அடுத்த நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குள் யாரோ எடுத்த வீடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. முப்பது செக்கன். றபான், பியானோ, ஏந்திய கை, ஆமீன். இசைக் கச்சேரியில் துஆவை வைத்து விளையாடுகிறார்கள் என்று மேலே ஒரு வசனம். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் மெதுவான மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். என் விறாந்தையில்தான் உட்கார்ந்தார்கள். மாடிக்காரரைக் கீழே கூப்பிட்டார்கள்.

தலைவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. பாட்டுக்குள் துஆவைக் கொண்டுவந்தீர்களா? இல்லை, அது கையை நிறுத்திவைக்கிற அடையாளம் என்றார் இவர். அப்படியென்றால் சனம் ஏன் ஆமீன் சொன்னது, சொல்லச் சொல்லி ஆள் வைத்தீர்களா? இல்லை. யாராவது தவறுதலாகத் தொடங்கியிருந்தால் அந்த ஆள் வந்து சொல்லட்டும், நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சனத்துக்கு விளங்கப்படுத்திவிடுகிறேன், விஷயம் முடிந்துவிடும் என்றார் தலைவர். வழி திறந்துதான் இருந்தது. ஒரேயொரு ஆள் வாய் திறந்தால் போதும்.

"ஆரு முதல் சொன்ன?" என்று தலைவர் கேட்டார்.

நான் மாடிக்காரருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை மரைக்கார் தெரிவு. கச்சேரியில் ஆமீன் சொன்ன மரைக்கார் என்று ஊர் சிரிக்கும் சிரிப்பு எனக்கு முன்கூட்டியே கேட்டது. மடியில் கனம் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீதியில் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது சந்தியைத் தாண்டும்வரை பொறுத்தார்.

"தெரியா. எனக்குச் சரியாக் கேக்கல்ல" என்றார்.

ஒலிபெருக்கியின் உஸ்ஸைக் கேட்ட காதுக்குக் கேட்கவில்லையாம். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்சக் காலம் ஒதுங்கி இருந்தால் எல்லாருக்கும் நல்லம் என்றார்கள். அதை அவரிடம் போய்ச் சொன்னவன் நான். ஒரு கிழமையில் பியானோ ஆலையிலிருந்தே லொறியில் ஏறியது. போகும்போது என் மனைவியிடம், ராத்தா, உங்கட சட்டிமூடிச் சத்தம் எனக்கிட்ட இரிக்கி என்று சொல்லிச் சிரித்தார். என்னிடம் ஸலாம் மட்டும் சொன்னார். அவர் போனபிறகு என் மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளுக்கு என் குரல் தெரியாதா? நாற்பது வருஷமாகக் கேட்கிறவள்.

நான் மரைக்காரானேன்.

ஒரு வருஷத்துக்குமேல் போனது. சென்ற நோன்பு முடிந்து பெருநாளுக்கு மறுநாள் பக்கீர் பாவா கடப்படியில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து விசாரித்தேன். கொழும்பில் இரண்டு தடவையும் கண்டியில் ஒரு தடவையும் அந்தப் பாட்டை வாசித்தார்களாம், எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்களாம்.

"ஆனா மரைக்கார், அந்த இடம் வந்தா அவர் கையேந்திக்கிட்டு இரிப்பார். நாங்களும் சும்மா இரிப்பம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க. அவர் பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு மறுகா அந்தக் கட்டைய அமத்துவார்."

"ஏன், அங்க என்ன வரணும்?" என்று கேட்டேன்.

பாவா தன்னுடைய பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த தாளை எடுத்தார். அரங்கேற்றத்துக்குப் பிறகு அவர் திருத்தி எழுதியது, எட்டுப் பேருக்கும் இப்போது இதுதான் பாட்டுத் தாள் என்றார். முதல் பக்கத்தில் வாசிக்கிறவர்களின் பெயர்கள், நாலாம் வகுப்புப் பிள்ளையின் பெரிய உருண்டை எழுத்தில். பியானோ, சக்சபோன், மத்தளம், றபான், பொல்லு நாலு. எட்டுப் பேர். ஒன்பதாவது வரியில் எழுதியிருந்தது: ஆமீன், விதானைக் காக்கா.

முதல் ஆமீன் யாருடையது என்று அவருக்கு அந்த நேரமே தெரியும். என் விறாந்தையில், எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்லிவிட்டு, தாயின் ஊரை விட்டுப் போயிருக்கிறார். முன்பின் தெரியாதவருக்கு, நேரில் அறிவேன் என்று நான் பொய்க் கடிதம் எழுதினேன். என்னை நன்றாக அறிந்தவர், அறியேன் என்று எனக்காகப் பொய் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது; நேரில் அறிவேன் என்று மறுபடி அவர் பெயரை எழுத இந்தக் கைக்கு உரிமை இல்லை. பாவாவுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிருவாகக் கூட்டம். அடக்கம் செய்கிற கபுறடியின் மதில் பழுதுபார்ப்பு, நோன்புக் கஞ்சிக் கணக்கு, வேறு விடயங்கள். வேறு விடயங்கள் ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டபோது நான் கணக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். இல்லையென்றால் துஆவோடு முடிப்போம் என்றார். எல்லாரும் கையேந்தினார்கள். தலைவர் ஓதினார். ஓதி முடித்தார். ஆமீன் சொல்கிற இடம் வந்தது. சொல்ல வாய் திறந்தார்கள்.

"பொறுங்க" என்றேன். "இன்னும் முடியல்ல."

ஏந்திய கை ஏந்தியபடியே பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.